காந்தலூர்ப் பூண்டும் கைமருந்தின் நாள்கணக்கும்

காந்தலூர்–வட்டவடைப் பூண்டு 2022 டிசம்பரில் புவிசார் குறியீடு பெற்றது. அப்போது வெளியான விளக்கங்களில், இப்பூண்டில் எண்ணெய்ச் சத்தும் அல்லிசினும் மிகுதி, ஆகவே நுண்ணுயிர்த் தொற்றுக்கு நன்கு கேட்கும் என்ற கருத்து இடம்பெற்றது. வடுகப்பட்டிப் பூண்டுச் சந்தையில் விவசாயிக்குக் கூடுதல் விலை கிடைக்க அது உதவுமானால் நல்லதே. கைமருத்துவத்தை ஆராய்பவர் மட்டும் அதை அப்படியே ஏற்க முடியாது. மருந்தின் மதிப்பு முழுவதும் சரக்கிலேயே அடங்கியிருக்கிறது என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. சளி, இருமல், தொண்டைக்கட்டு ஆகியவற்றுக்கு வீட்டில் செய்யும் வைத்தியத்தில், எத்தனை நாள் கொடுப்பது, எப்போது கைவிடுவது என்ற கணக்குக்கே சரக்கைவிட மதிப்பு அதிகம் என்பது என் வாதம்.

இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், அஞ்சுநாட்டு ஊர்களுள் ஒன்றாக இருப்பது இந்தக் காந்தலூர். தமிழ் பேசும் வேளாண் குடும்பங்களும் முதுவர், மலைப்புலையர் குடிகளும் வாழும் பகுதி. மறையூரிலிருந்து மூணாறும் உடுமலைப்பேட்டையும் தனித்தனியே சுமார் 40 கிலோமீட்டர். மூக்கொழுகலுக்காக இந்த மலைப்பாதையில் பயணம் போவது யாருக்கும் கட்டுப்படியாகாது. எனவே பூண்டுப்பாலும் சுக்குக் கஷாயமும் துளசி, கற்பூரவள்ளி இலைகளும்தான் முதலில் கைக்கு வரும். மறையூர், சின்னார்ப் பகுதிக் குடிகளில் காய்ச்சப்படும் புல்தைலத்தை ஆவி பிடிக்கும் நீரில் ஒரு சொட்டு விடுவதும் உண்டு.

முதலில் பூண்டுப்பால். பூண்டுப் பல்லுக்குள் அல்லிசின் தயாராக இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அல்லீன் என்ற பொருளின்மேல் அல்லினேஸ் என்ற நொதி வேலை செய்வதால்தான் அது உண்டாகிறது. சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். உரித்த பல்லை முழுசாகப் பாலில் போட்டு வேகவைத்துக் கடைந்து குடிக்கும் நம் பக்குவத்தில், குறியீட்டு விளக்கம் பெருமைப்படும் அல்லிசின் பெரும்பாலும் பிறப்பதே இல்லை. நசுக்கிச் சற்று நேரம் வைத்திருந்து சமைத்தால் கொஞ்சம் தேறும். பூண்டும் சளியும் பற்றி, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு ஏற்றுக்கொண்ட சோதனை ஒன்றே ஒன்று: 146 பேர், 12 வாரங்கள். பூண்டு மாத்திரை உண்டவர்களிடம் 24 முறையும் போலி மாத்திரை உண்டவர்களிடம் 65 முறையும் சளி கண்டது. வந்த சளி தீர ஆன நாள்களில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது அது தடுப்பு பற்றிய சோதனை. சளி பிடித்தபின் குடிக்கும் பாலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பூண்டு ஏப்பத்தை மறைக்க வழியில்லாததால், யார் எதை உண்டார் என்பது பங்கேற்றவர்களுக்கே தெரிந்திருக்கலாம் என்ற ஐயமும் அதன்மேல் உண்டு.

அப்படியானால் பாலைக் குடித்ததும் இதமாக இருக்கிறதே, அது என்ன? கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் சளி ஆய்வு மையம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழபானத்தைச் சூடாகவும் சூடில்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்குத் தும்மல், இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல் உடனே தணிந்தன. ஆனால் கருவியால் அளந்தபோது மூக்கின் காற்றோட்டம் மாறவில்லை. மென்தால் கலந்த களிம்புகளின் கதையும் இதுவே: அடைப்பு அப்படியே இருக்க, திறந்துவிட்டதுபோன்ற உணர்வு வருகிறது. இதை ஏமாற்று என்று ஒதுக்குவது அவசரம். பெரியவர்களுக்குச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானே போகும். குழந்தைகளின் இருமல் சில வேளை மூன்று வாரம் இழுக்கும். தானே தீரும் நோய்க்கு வேண்டியது, தீரும்வரை பொறுத்திருக்க ஒரு வழி. வேளைக்கு வேளை கஷாயம் காய்ச்சும் வீட்டில் அந்தப் பொறுமைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

இந்தப் பொறுமையின் விலையைக் குறைத்து மதிக்கக் கூடாது. சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் போன்றவற்றிடம் ஆன்டிபயாடிக் செல்லாது. ஆயினும் இரண்டாம் நாளே அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. இப்பழக்கத்தால் கிருமிகளிடம் வளரும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பை எதிர்கொள்ள 2018இல் மாநில அளவில் செயல்திட்டம் வகுத்தது கேரளம். சிறுவர்களுக்கான சளி மருந்துகளோ இன்னும் கவலை தருபவை. குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், தமிழ்நாட்டில் தயாரான இருமல் மருந்தில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் பல குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறித்தது. அந்தச் சிரப்புகளின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே கைமருந்தின் பெரிய நன்மை என்று சொல்லத் தோன்றுகிறது.

சரக்கைவிடக் கணக்கே பெரிது என்ற என் வாதத்துக்கு ஆடாதோடையை எடுத்துக்காட்டி மறுப்பு வரலாம். அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டுதான், கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. அங்கே சரக்கு உண்மையிலேயே வேலை செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் உண்டு. கர்ப்பிணிக்கு ஆடாதோடை ஆகாது. சரக்கு வலுவாக இருந்தால் யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்ற கணக்கு இன்னும் கண்டிப்பாக வேண்டும்.

மலைக்குடிகளின் மருத்துவத்தைப் பதிவுசெய்யும் தாவரவியல் கட்டுரைகள் தவறவிடுவது இதைத்தான். தாவரப் பெயர், குடும்பம், பயன்படும் பகுதி, தீரும் நோய் என அட்டவணை போடுவார்கள். எந்த வயதுக் குழந்தைக்குக் கொடுக்கமாட்டார்கள், எத்தனையாம் நாள் கைவிட்டுவிட்டு மலையிறங்குவார்கள் என்பதற்கு அதில் பத்தி இருக்காது. அதனால் வீட்டு மரபில் ஏற்கெனவே உள்ள எச்சரிக்கைகள் பதிவாகாமல் போகின்றன. இல்லாதவை இல்லை என்பதும் தெரியாமல் போகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் குழைத்துக் கொடுத்தால் பாட்யூலிசம் என்ற நச்சுநோய்க்கு இடமாகலாம். கற்பூரம் சிறு பிள்ளைகளின் வாய்க்குள் போனால் வலிப்பு வரும். ஆவி பிடிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு. ஆவியோ சளியைச் சீக்கிரம் தீர்ப்பதாக நிறுவப்படவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது சளியையும் நிமோனியாவையும் பிரித்தறியும் வழி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு எளியது: குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அல்லது அவற்றுக்கு மேல் வந்தால் அது வேகமூச்சு. மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு இந்தக் கைமருந்து எதுவுமே வேண்டாம். ஆஷா பணியாளர்கள் வீடுவீடாகப் போகும் பகுதியில் இந்த இரண்டு எண்களைப் பாட்டிமாரிடம் சேர்ப்பது கடினமல்ல. கஷாயத்தை விடச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் யாரும் காதுகொடுக்கமாட்டார்கள். கஷாயம் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் மூச்சை எண்ணச் சொன்னால் கேட்பார்கள்.