துண்டுக்குள் இருந்த விலை

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீங்க. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஒரே செல்போனை நாலு தளத்தில் ஒரு நிமிடத்தில் ஒப்பிட முடிகிற காலத்தில் இணையக் கடைக்காரருக்கு லாபம் எங்கிருந்து வரும் என்று யோசித்தபோது, எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் இது பழைய கேள்வி. சென்னை மாகாணம் 1933ல் வணிகப் பயிர்ச் சந்தைகளுக்கென்று ஒரு சட்டம் போட்டது. இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அதன் வாரிசு. அங்கே மறைமுக ஏலம். வியாபாரி ஒவ்வொருவரும் விலையைத் தனித்தனியாக எழுதிக் கொடுக்கணும். அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. கட்டுப்படியாகலைன்னா விவசாயி விற்க வேண்டியதில்லை. துண்டு போகவில்லை, பக்கம் மாறிவிட்டது. இப்போது ஒருவர் விலை தெரியாமல் தவிப்பவர் வியாபாரி.

மேலே கல்வராயன் மலையில் கதை வேறு. 1976 வரை அங்கே ஜாகீர்தார்கள் ஆட்சி. கடுக்காய்க்குக் கீழே என்ன விலை என்று தெரிந்தாலும், அதைத் தலைச்சுமையாக இறக்கணுமே! முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் முடியாது. விலை தெரிவது பாதிதான். வேறு ஆளிடம் போக வழியும் வேணும். கேரளக் கடற்கரையில் 1997க்குப் பிறகு செல்போன் வந்ததும் மீன் விலை துறைக்குத் துறை சமமானதை ராபர்ட் ஜென்சன் 2007ல் எழுதினார். அங்கே படகைத் திருப்ப முடிந்தது.

சரி, லாபம் குறைகிற வியாபாரி சும்மா இருப்பாரா? அமெரிக்காவில் கணினி மெமரி விற்ற இணையக் கடைகளை க்ளென் எலிசனும் சாரா எலிசனும் ஆராய்ந்தார்கள் (2009). ஒப்பீட்டுப் பட்டியலில் மேலே வர மட்டமான சரக்குக்கு அடிமாட்டு விலை போடுவது, உள்ளே வந்தவரிடம் நல்ல சரக்கைத் தள்ளி லாபம் பார்ப்பது. ஒப்பிடவே முடியாதபடி குழப்புவதும் உண்டு.

நம்ம மரவள்ளிக்கிழங்கிலும் இதுக்கு ஒரு உறவு இருக்கு. ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை மாவுச்சத்து 'பாயிண்ட்' கணக்கில் வாங்குகின்றன. ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதை போனில் கேட்டுக்கொள்ளலாம், நாலு ஆலையை ஒப்பிடலாம். ஆனால் இந்த லோடில் எத்தனை பாயிண்ட் என்பது ஆலைக்குள் அளந்த பிறகுதான் தெரியும். அதற்குள் கிழங்கு பிடுங்கியாச்சு, லாரி வாடகை ஏறியாச்சு, ரெண்டு நாள் வைத்தால் கிழங்கு கெட்டுவிடும்.