வாழ்ந்த இடமும் வாழும் உரிமையும்

கோயம்புத்தூரிலிருந்து காரமடை வழியாக மேட்டுப்பாளையம் சென்று நீலகிரி ஏறுவோர், ஆங்காங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களைக் காண்பர். அங்கே கொழுந்து பறிப்போருள் பலர் இலங்கையிலிருந்து திரும்பியோரின் வழியினர். அவர்கள் திரும்ப நேர்ந்த காரணத்தை அறிந்து கொள்வது நமக்குப் பயனளிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, காப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காடு திருத்தத் தமிழ்நாட்டு ஏழைமக்கள் இலங்கை மலைநாட்டுக்குச் சென்றனர். அங்கேயே பிள்ளைகளும் பேரர்களும் பிறந்தனர். 1948ஆம் ஆண்டு சுதந்திரம் பெற்ற இலங்கை, அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அம்மண்ணில் பிறந்தது மட்டும் அதற்குப் போதவில்லை. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டும்.

இயலாதோர்க்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழி காட்டியது. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். விதி எளியதுதான், சான்றுதான் அரியது. லயத்து அறையில் வாழ்ந்தவனுக்கு வாடகைச் சீட்டு ஏது? அவன் உழைத்த நாட்களைக் கூறும் பேரேடோ துரையின் கையில் இருந்தது. தாயின் நோய்க்காகத் தமிழகம் வந்து ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால், அதுவே தொடர்ச்சியை அறுத்துவிடும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

எஞ்சியோர் எந்நாட்டுக்கும் உரியவரல்லர் ஆயினர். 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கியது. மீதி 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருள் பலர்க்குத் தாய்நாடு பெயரளவிலேயே தெரிந்திருந்தது. அவர்களுக்கு வேலை தரவே 1968ஆம் ஆண்டில் நீலகிரியில் அரசுத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே விடை தந்தது.

அதே 2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும், அயல்நாட்டார் நிலையாகக் குடியிருக்க ஐந்தாண்டுத் தொடர்வாழ்வை விதியாக்கியது. ஆறு திங்களுக்கு மேல் ஒருசேர வெளியே தங்கினால் அத்தொடர்ச்சி அறுபடும். ஆனால் இன்று ஐரோப்பா செல்பவனுக்கு, குடிபுகும்போதே அனுமதிச் சீட்டு கையில் தரப்படுகிறது. ஆண்டுக்கணக்கு அதிலிருந்தே தொடங்கும். மலைநாட்டுத் தொழிலாளிக்கோ சட்டம் பின்னால் வந்தது. முன்னர் எவரும் தந்திராத ஏட்டை அது கேட்டது. குடியிருப்பு விதி எத்தனை ஆண்டு கேட்கிறது என்பதைவிட, அவ்வாண்டுகளை எளியவன் எதைக் கொண்டு காட்டுவான் என்பதே நீதியின் உரைகல்லாகும்.