ஒரு வினைத்தொடரும் ஒரு நாட்டின் விதியும்

ஒரு மொழியின் வினைச்சொல்லைப் பிறிதொரு மொழியிற் பெயர்ப்போர், அதன் பல பொருள்களுள் எதனைக் கொள்வதெனத் தடுமாறுதல் இயல்பு. அத்தடுமாற்றம் ஒரு நாட்டின் விதியையே தொட்டு நின்ற வரலாறு ஒன்றினை நேயர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும் 9ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன. சோவியத் படைகளும் யப்பானுக்கெதிராகப் போரிற் புகுந்தன. 10ஆம் நாள், பேரரசரின் ஆளும் உரிமைக்கு ஊறு நேராதெனில் நேசநாடுகளின் நிபந்தனைகளை ஏற்பதாக யப்பான் அறிவித்தது. அமெரிக்க இராசாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேர்ண்ஸின் மறுமொழி, 12ஆம் நாள் அதிகாலையில் வானொலி வழியே டோக்கியோவை எட்டியது. சரணடைந்த கணந்தொட்டுப் பேரரசரும் அவரது அரசும் நடத்தும் ஆட்சியதிகாரம், நேசநாட்டுப் பெருந்தளபதிக்கு "சப்ஜெக்ட் டு" என்னும் நிலையில் இருக்கும் என்றது அம்மறுமொழி.

இவ்வாங்கிலத் தொடருக்கு ஒரு வரையறைக்கு உட்படுதல் என்றும் பொருளுண்டு. ஒருவருக்குக் கீழ்ப்பட்டு அடங்குதல் என்றும் பொருளுண்டு. தமிழில் 'உட்படுதல்' வேறு, 'அடிமைப்படுதல்' வேறு அன்றோ? யப்பானிய மொழியிலும் அவ்வாறே. போரை முடிக்க விரும்பிய வெளிநாட்டமைச்சின் அலுவலர்கள், கட்டுப்பாடு எனப் பொருள்படும் 'செய்கென்' என்னும் சொல்லைக் கொண்டு, "கட்டுப்பாட்டின் கீழ் வைக்கப்படும்" எனப் பெயர்த்தனர். படைத்துறையினரோ 'ரெய்ஸொக்கு' என்றனர். அச்சொல்லின் முதலெழுத்து, அடிமையைக் குறிக்கும் 'தொரெய்' என்ற சொல்லிலும் வருவது. பேரரசர் அந்நியர்க்கு அடிமையாவதோ எனக் கொதித்த படைத்தலைவர்கள், அன்றே அவரைக் கண்டு மறுமொழியை ஏற்றலாகாதென முறையிட்டனர்.

அமைச்சர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். 14ஆம் நாள் பேரரசரே மறுமொழியை ஏற்குமாறு பணித்தார். மறுநாள் நண்பகலில் அவரது குரல் வானொலியில் ஒலித்தது, போர் ஓய்ந்தது.

எவர் கொண்ட பொருள் சரியானது? செப்டெம்பர் 6ஆம் நாள் பெருந்தளபதி மக்காதருக்கு வாஷிங்டன் விடுத்த பணிப்புரை, பேரரசரின் அதிகாரம் அவருக்குக் கீழ்ப்பட்டதே என ஐயத்துக்கிடமின்றிக் கூறிற்று. சொல்லளவில் நோக்கின், படைத்துறையினரின் பெயர்ப்பே மூலத்தை அணுகி நின்றது. ஆயின் நடைமுறை வேறாயிற்று. மக்காதர் யப்பானிய அரசின் வாயிலாகவே ஆட்சி நடத்தினார். 1947ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பேரரசரை நாட்டின் சின்னமாக நிலைநிறுத்தியது. 1952ஆம் ஆண்டு ஏப்பிரில் 28ஆம் நாள் யப்பான் மீண்டும் இறைமை பெற்றது.

போர் ஓய்ந்ததற்குக் காரணம் ஒரு சொல்லே எனல் மிகையாகும். எனினும், வெளிநாட்டமைச்சினர் தேர்ந்த மென்சொல், சமாதானம் நாடியோர் வாதிடுதற்கு ஓர் இடம் அளித்தது. 'ரெய்ஸொக்கு' ஒன்றே மேசைமேல் இருந்திருப்பின், அவ்விடமும் அடைபட்டிருக்கும்.