கட்டி முடித்தபின் வரும் சட்டம்

கட்டடங்களின் எரிபொருள் செலவையும் புகையையும் குறைக்க நகரங்கள் போடும் விதிகளில் பெரும்பாலானவை இனிமேல் எழப்போகும் கட்டடங்களுக்கானவை. வரைபட அனுமதிக்கு வந்து நிற்பவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏற்கெனவே குடியிருப்பவரிடமும் வாடகை வாங்குபவரிடமும் கேட்டால் ஓட்டு போய்விடும். இந்த அரசியல் கணக்கு எல்லா ஊருக்கும் பொதுவானதுதான். ஆனால் நியூயார்க் நகரின் கட்டடச் சட்டங்களை 1879 முதல் தொடர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. பழைய கட்டடத்தைத் தொடாத சட்டம் அங்கே குடியிருப்பை அதிகம் மாற்றவில்லை. தொட்ட சட்டங்கள் நீதிமன்றம் வரை இழுபட்டன. ஆனாலும் சுவரையும் குழாயையும் மாற்றியவை அவைதாம்.

1879ஆம் ஆண்டுச் சட்டம் படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் வெளிக்காற்று வரும் ஜன்னல் வேண்டும் என்றது. நகரின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த டெனமென்ட் வீடுகள் 25 அடி அகல மனைகளில் ஒட்டி ஒட்டி நின்றன. அந்த மனைக்குள் சட்டத்தை நிறைவேற்ற ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடம் வழி காட்டியது. கட்டடத்தின் இடுப்பைச் சற்றே ஒடுக்கினால், பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு குறுகிய சந்து கிடைக்கும்; ஜன்னலை அதில் திறந்துவிடலாம். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது, காற்று வரவில்லை. குடியிருந்தவர்கள் குப்பையை அந்தச் சந்தில்தான் கொட்டினார்கள். தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கியாகி நெருப்பை மேல்மாடிக்கு ஏற்றியது. அதைவிடப் பெரிய குறை, அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் இருந்தபடியே விடப்பட்டதுதான். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நகரில் ஜன்னலே இல்லாத உள்ளறைகள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்தன.

லாரன்ஸ் வெய்லர் என்ற சீர்திருத்தக்காரர் 1900இல் டெனமென்ட் வீடுகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தினார். புகைப்படங்களும் வரைபடங்களும் அட்டை மாதிரிகளுமாக அது நகரத்தை உலுக்கியது. அடுத்த ஆண்டே வந்த சட்டம் புதிய கட்டடங்களுக்கு அகலமான முற்றமும் வீட்டுக்கு ஒரு கழிப்பறையும் கேட்டது. வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் இதைத்தான் மெச்சுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது பழைய வீடுகளுக்கான பகுதி. இருண்ட அறையின் சுவரை உடைத்து அடுத்த அறைப் பக்கம் ஜன்னல் வைக்க வேண்டும். கொல்லையில் இருந்த பொதுக் கழிவுத் தொட்டிகளை அகற்றிவிட்டு, இரண்டு குடும்பத்துக்கு ஒன்றாவது நீர் ஊற்றும் கழிப்பறை கட்ட வேண்டும். கேட்டி மோஷன் என்ற வீட்டு உரிமையாளர் முடியாது என்று வழக்குக்குப் போனார். கட்டியபோது இல்லாத விதியைப் பிறகு சுமத்தலாமா, இழப்பீடில்லாமல் என் சொத்தில் கைவைக்கலாமா என்பதே வாதத்தின் சாரம். மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1904இல் நகரத்தின் பக்கம் நின்றது. 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நூறாண்டு கழித்து அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. 2007இல் மேயர் புளூம்பெர்க் வெளியிட்ட நகரத் திட்டம், 2030இல் செலவாகப்போகும் ஆற்றலில் குறைந்தது 85 விழுக்காட்டை ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களே விழுங்கும் என்று கணக்கிட்டது. அந்தக் கணக்குக்குப் பின் புதிய கட்டடங்களை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. 2009 ஏப்ரலில் நகரம் துணிந்தது: பெரிய கட்டடங்கள் ஆற்றல் தணிக்கை செய்ய வேண்டும், ஐந்தாண்டுக்குள் செலவைத் திருப்பித் தரும் சீரமைப்புகளைக் கட்டாயம் செய்யவும் வேண்டும். உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், டிசம்பரில் இரண்டாவது பாதி காணாமல் போயிற்று. ஆண்டுதோறும் ஆற்றல் செலவை அறிவிப்பது, பத்தாண்டுக்கொரு தணிக்கை, வணிகக் கட்டடங்களில் விளக்குகளை மாற்றுவது ஆகியவை மிஞ்சின. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு முடிவை அலமாரியில் பூட்டி வைப்பதற்குத்தான் இது சமம். ஆனாலும் ஆண்டுதோறும் வந்த அந்த அறிக்கைகள் வீணாகவில்லை. எந்த வகைக் கட்டடம் எவ்வளவு எரிக்கிறது என்பது அவற்றால்தான் தெரியவந்தது. பின்னால் வந்த உச்சவரம்புகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

2019இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் 97 கார்பன் உமிழ்வுக்கு அந்த உச்சவரம்பை விதித்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்கள் 2024 முதல் வரம்புக்குள் இருக்க வேண்டும். 2030இல் வரம்பு இன்னும் இறுகும். மீறினால் கூடுதலான ஒவ்வொரு டன் கார்பனுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் அபராதம். நகரின் பசுங்குடில் வாயு உமிழ்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்து வருவதால் இதை மிகை என்று சொல்ல முடியாது. பழைய கட்டடத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்ற வாதமும் நிற்கவில்லை. 1931இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 6,514 ஜன்னல்களைக் கழற்றி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டு, கண்ணாடிகளுக்கு நடுவில் படலம் செருகித் திரும்பப் பொருத்தினார்கள். மற்ற வேலைகளையும் சேர்த்து ஆற்றல் செலவை 38 விழுக்காடு குறைப்பது அங்கே இலக்கு.

எம்பயர் ஸ்டேட்டுக்குப் பணம் இருந்தது, எல்லோருக்கும் இருக்குமா என்று கேட்பவரை எளிதில் ஒதுக்க முடியாது. ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடமே அவருக்குச் சாட்சி. 1863இல் கட்டிய அந்த டெனமென்டுக்கு 1901 சட்டத்தால்தான் உள்ளே கழிப்பறை வந்தது. ஆனால் 1930களில் பாதுகாப்பு விதிகள் மேலும் கடுமையானபோது, செலவு செய்வதைவிடக் காலி செய்வதே மேல் என்று உரிமையாளர் 1935இல் குடித்தனங்களை வெளியேற்றினார். கீழே கடைகள் மட்டும் இயங்க, மேல்மாடிகள் பூட்டிக் கிடந்தன. இன்று அது அருங்காட்சியகம். சட்டம் 97 இந்த ஆபத்தை ஓரளவு உணர்ந்திருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டு வீடுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ள கட்டடங்கள் உச்சவரம்புக்குப் பதிலாக நீராவிக் குழாய்க்குக் காப்புறை சுற்றுவது, ரேடியேட்டர்களைச் சீராக்குவது போன்ற மலிவான வேலைகளைச் செய்தால் போதும். கடும் குளிர்காலத்திலும் நீராவிச் சூட்டில் அறை வெந்துபோய் ஜன்னலைத் திறந்து வைக்கும் ஊரில் இது சின்ன வேலையல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. இருட்டறையின் கேடு அதில் படுத்தவரைத் தாக்கியது. கார்பனின் கேடு ஊர் பேர் தெரியாதவரைத் தாக்குகிறது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது அது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மலிவான, கரி கக்கும் ஆறாம் எண் கொதிகலன் எண்ணெயை 2015க்குள் கைவிட வேண்டும் என்று 2011இல் நகரம் விதித்தபோது, குறைந்த கரி அதே தெருவில் நடப்பவரின் மூச்சில் போவதுதான். நீதிமன்றத்துக்குப் போன மறுப்பும் உண்டு. சட்டம் 97க்கு எதிராக, மாநிலத்தின் காலநிலைச் சட்டம் இருக்கும்போது நகரத்துக்கு இதில் அதிகாரம் கிடையாது என்று தொடுத்த வழக்கையும் 2025இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைப்பதற்கில்லை. 1902இல் டெனமென்ட் வீடுகளுக்கென்றே தனித் துறை பிறந்தது. அதன் ஆய்வாளர்கள் படியேறிப் போய் அறை அறையாகப் பார்த்தார்கள். இன்று உரிமையாளர் அமர்த்தும் பொறியாளரே கணக்கை எழுதிச் சான்றளிக்கிறார், நல்லெண்ண முயற்சி காட்டினால் அபராதத்துக்கு அவகாசமும் உண்டு. 2024இன் வரம்பு பெரும்பாலான கட்டடங்கள் ஏற்கெனவே எட்டியிருந்த அளவு என்பதால் இந்தத் தளர்வு பெரிதாக உறுத்தவில்லை. 2030இன் வரம்புக்கு வேலை செய்யாமல் தப்ப முடியாதவர்கள் பலர். 2009இல் காணாமல் போன பாதியை மீண்டும் பறிக்க அவர்கள் நகர மன்றத்துக்குத்தான் வருவார்கள்.