ஜேர்மன் கேக்கும் எமது மனையியல் கொப்பிகளும்

சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த காரைதீவைப் பற்றி எழுத வருவோருக்குப் பொருள் பஞ்சம் இருந்ததில்லை. கண்ணகை அம்மன் கோயில் உண்டு, வைகாசிக் குளிர்த்தி உண்டு, யாழ் நூல் உண்டு. இவற்றையெல்லாம் அறிந்தோர் பலர் எழுதிவிட்டனர். இந்நூற்றாண்டு மலருக்கு நாம் எடுத்துக்கொண்டது ஒரு கேக்கின் வரலாறு. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். ஆயினும் எமது பழைய மாணவிகளில் ஒரு தலைமுறையினரிடம் கேட்டால், கணக்குப் பாடத்தை மறந்தவர்கூட இந்தக் கேக்கை மறக்கவில்லை.

மனையியல் கொப்பியில் அதன் பெயர் 'ஜேர்மன் சொக்லேட் கேக்'. மூன்று அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவிலும் மேலேயும் தேங்காய்ப்பூவும் பருப்பும் சேர்ந்த பொன்னிறப் பூச்சு. பக்கங்கள் மூடப்படாமல் கரிய அடுக்குகள் வெளியே தெரியும். ஜேர்மனியர் இதைச் சுட்டுத் தின்று வந்தார்கள் என்றே நாம் நினைத்திருந்தோம். ஜேர்மனியில் தென்னை ஏது என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேக்குக்கும் ஜேர்மனிக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் டோர்செஸ்ரர் என்ற ஊரில் 1765இல் தொடங்கிய சொக்லேட் ஆலை ஒன்று பின்னாளில் பேக்கர் கம்பனி எனப் பெயர் பெற்றது. அங்கு வேலை செய்த சாமுவேல் ஜேர்மன் என்பவர் 1852இல் சமையலுக்கென்று சீனி கலந்த சொக்லேட் கட்டி ஒன்றைத் தயாரித்தார். கம்பனி அதற்கு அவர் பெயரையே வைத்து 'ஜேர்மனின் இனிப்புச் சொக்லேட்' என விற்றது. 'ஜேர்மனின்' என்பது பேச்சில் தேய்ந்து 'ஜேர்மன்' ஆயிற்று. ஓர் ஆளின் பெயர் ஒரு நாட்டின் பெயராகிவிட்டது.

அதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் அந்தக் கட்டி கடைகளில் சாதாரணமாகவே விற்றது. 1957 ஜூன் 3ஆம் திகதி ரெக்சஸ் மாநிலத்தின் 'டலஸ் மோர்னிங் நியூஸ்' பத்திரிகை, அன்றைய சமையற் குறிப்பாக இந்தக் கேக்கை வெளியிட்டது. அனுப்பியவர் டலஸ் நகரக் குடும்பப் பெண் ஒருவர். அப்போது பேக்கர் கம்பனிக்குச் சொந்தக்காரராக இருந்த ஜெனரல் ஃபூட்ஸ் நிறுவனம் குறிப்பை நாடெங்கும் உள்ள பத்திரிகைகளுக்கு அனுப்பியது. அந்தச் சொக்லேட்டின் விற்பனை 73 சதவீதம் வரை ஏறியதாகச் சொல்வார்கள்.

அந்தப் பெண்ணின் பெயரைப் பத்திரிகை 'திருமதி ஜோர்ஜ் கிளே' என்று அச்சிட்டது. ஜோர்ஜ் என்பது கணவரின் பெயர். அந்நாளில் அங்கும் அதுதான் மரியாதை. அவரே இந்தக் கேக்கை முதன்முதலில் கண்டுபிடித்தவர் என்று நாம் அடித்துச் சொல்ல வரவில்லை. சமையற் குறிப்பு எங்கும் கைமாறிக் கைமாறித்தான் வருகிறது. ஆனால் சொக்லேட்டைச் செய்த ஆணின் பெயர் கேக்கின் தலையிலேயே நிற்க, கேக்கை நாடறியச் செய்த பெண் தன் பெயரில்லாமல் நிற்கிறார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

இனித் தேங்காய்க் கதை. இது எமது நாட்டோடு தொடர்புள்ளது. முழுத் தேங்காயைக் கப்பலில் தூர தேசம் அனுப்பினால் வழியிலேயே பழுதாகும். தேங்காயைத் துருவி, உலர்த்தி, பெட்டியில் அடைத்து அனுப்பும் தொழில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் வேரூன்றியது. குருநாகல், புத்தளம், கம்பஹா பகுதித் தோப்புகளின் தேங்காய் இவ்விதம் ஐரோப்பிய, அமெரிக்கக் கேக் கடைகளைச் சென்றடைந்தது. ஆலைகளில் சிரட்டை நீக்கிய தேங்காயின் கபிலத் தோலைச் சீவி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. அந்தத் தோல் சிறிது தங்கினாலும் தேங்காய்ப்பூ வெள்ளையாக வராது. அதனால் எந்த இயந்திரத்தையும்விட அந்தக் கைகளே அங்கு முக்கியம்.

அமெரிக்காவில் இத்தொழிலைப் பெரிதாக்கியவர் பிலடெல்பியாவின் மா வியாபாரி ஃபிராங்க்ளின் பேக்கர். 1890களில் கியூபாவுக்கு அனுப்பிய கோதுமை மாவுக்குக் காசுக்குப் பதிலாக ஒரு கப்பல் தேங்காய் வந்து சேர, விற்க வழியின்றித் துருவி உலர்த்தத் தொடங்கினார் என்பது கதை. சொக்லேட் பேக்கருக்கும் இவருக்கும் உறவில்லை. ஆனால் 1927இல் போஸ்டம் கம்பனி இரண்டு பேக்கர்களையும் வாங்கியது. 1929இல் அதுவே ஜெனரல் ஃபூட்ஸ் ஆயிற்று. சொக்லேட்டும் அவர்களுடையது, தேங்காய்ப்பூவும் அவர்களுடையது. திருமதி கிளேயின் கேக் அவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்பது விளங்குகிறது.

மூலக் குறிப்பின்படி கேக்குக்கு நான்கு அவுன்ஸ் சொக்லேட், ஒரு கோப்பை பட்டர், இரண்டு கோப்பை சீனி, நான்கு முட்டை, இரண்டரைக் கோப்பை மா, ஒரு கோப்பை மோர். முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலக்க வேண்டும். மோரின் புளிப்பு அப்பச்சோடாவைக் கிளப்பும். பூச்சுக்குச் சீனி சேராத ரின்பால் ஒரு கோப்பை, சீனி ஒரு கோப்பை, மூன்று மஞ்சட்கரு, அரைக் கோப்பை பட்டர். மெல்லிய நெருப்பில் பன்னிரண்டு நிமிடம் கைவிடாமல் கிளறித் தடித்ததும் தேங்காய்ப்பூவும் பீக்கன் என்ற பருப்பும் சேர்க்க வேண்டும். பீக்கன் 1919 முதல் ரெக்சஸ் மாநில மரம். எமக்கு அது கண்ணால் காணாத பொருள்.

எமது கொப்பியில் பீக்கன் இருந்த இடத்தில் கஜு வந்தது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் மரமுந்திரிகைக்குக் குறைவில்லை. மோருக்கு எருமைத் தயிரைக் கடைந்தோம். அதற்கு ஈடாக டலஸில் எதுவும் இருந்திராது. சொக்லேட் கட்டிக்குப் பதில் கொக்கோத் தூள், பட்டருக்குப் பாதி மாஜரின். ரின்பால் எமக்குக் கிடைத்தது இனிப்புச் சேர்ந்ததே. ஆகவே தண்ணீர் விட்டுக் கரைத்துச் சீனியைக் குறைத்தோம். தேங்காய்ப்பூவில்தான் எல்லோரும் தோற்றோம். பச்சையாகத் துருவிப் போட்ட முதற் பூச்சு எமது வெக்கையில் மறுநாள் காலையே புளித்துவிட்டது. பிறகு மனையியல் ரீச்சர், வெறுஞ்சட்டியில் ஈரம் வற்றும்வரை வறுத்துப் போடும்படி கற்பித்தார். ஆலைக்காரர் கப்பலுக்காகச் செய்ததை நாம் எமது அடுப்பில் செய்தோம்.

சுடுவதற்கு அவண் சில வீடுகளில்தான் இருந்தது. மற்றவர்கள் அடியில் மணலும் மூடியில் கரிநெருப்பும் வைத்து ஒவ்வோர் அடுக்காகச் சுட்டார்கள். அல்லது பாண் சுட்டு முடிந்த பேக்கரிப் போறணையில் தட்டைக் கொடுத்தார்கள். சூடு இறங்கும் போறணையில் கேக் கருகாது என்பது அங்கு நின்றவர்களுக்குத் தெரியும். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இருந்து எம்மோடு படித்த முஸ்லிம் தோழிகளின் வீடுகளிலும் இதே கேக் பெருநாளுக்குச் சுடப்பட்டு எமது வீடுகளுக்கு வந்தது. எமது வீட்டுக் கேக் அங்கு சென்றது. யார் யாரிடம் கற்றார் என்று அன்று எவரும் கணக்கு வைக்கவில்லை. எமக்கு முன்னிருந்தவர்கள் 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தை நினைவுகூர்வார்கள். பாணுக்கே வரிசையில் நின்ற அக்காலத்தில் கொக்கோவுக்கு எங்கே போவது?

பெண்கள் தம் பெயரோடு சமையல் நூல் தந்ததும் உண்டு. கொழும்பில் 1929இல் வெளிவந்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூலைத் தொகுத்தவர் ஹில்டா டியூட்ரம். சென்னையில் 1951இல் 'சமைத்துப் பார்' எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். எமது கொப்பிகளிலோ குறிப்புகளின் தலைப்பு 'ஹாஜியார் வீட்டு உம்மாவின் தொதல்', 'தபாற்கந்தோர் மாமியின் லவ் கேக்' என்றே இருந்தது. டலஸ் பத்திரிகையைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை.

அந்தக் கொப்பிகளில் பெரும்பாலானவை 2004 டிசம்பர் 26 அன்று போயின. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பிள்ளைகளைத் தேடியவர்கள் கொப்பியைத் தேடவில்லை. பல ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசவே எமக்குக் கூச்சமாக இருந்தது. இம்மலருக்காகக் கேட்டு அலைந்ததில், கடற்கரையிலிருந்து தள்ளி மேற்கே மணமுடித்துப் போன ஒருவரிடம் ஒரு கொப்பி கிடைத்தது. ஜேர்மன் கேக் பக்கத்தில் மாஜரின் கறை. தலைப்பின் கீழே, குறிப்பை எமது வகுப்புக்குக் கொண்டுவந்தவரின் பெயர் இருந்த இடத்தில் மை ஊறி எழுத்துத் தெரியவில்லை. மூத்த மாணவிகளிடம் விசாரித்தோம். மூன்று பெயர்கள் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. மூன்றையும் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.