தகப்பன் பெயர் எழுதப்பட்ட பரங்கி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் காடரிச் என்ற ஊரில் இருந்த வில்லியம் வார்னாக், 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் 365 பவுண்டு பரங்கிக்காய் ஒன்றை வைத்தார். 1900இல் பாரிசில் அவருடைய காய் 400 பவுண்டு; 1904இல் செயின்ட் லூயிசில் 403, அதாவது சுமார் 183 கிலோ. அதை மிஞ்ச ஒரு காய் வருவதற்கு 1976 வரை, 72 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் கூடியது 48 பவுண்டுதான். அதற்குப் பின் நடந்தது வேறு கதை: 1981இல் 493.5, 1996இல் 1,061, 2012இல் 2,009, 2023இல் 2,749 பவுண்டு. கடைசியாகச் சொன்னது 1,247 கிலோ. ஒரு காரின் எடை. முக்கால் நூற்றாண்டு அசையாமல் கிடந்த காய் அடுத்த 47 ஆண்டுகளில் ஆறு மடங்கு பெருத்தது எப்படி? நல்ல விதை கிடைத்தது என்பது வழக்கமான பதில். பெரிய காயின் விதையை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பது எந்த ஊர்க் குடியானவரும் காலங்காலமாகச் செய்வதுதானே? எனவே அந்தப் பதில் பாதிதான். விதைக்குத் தகப்பன் யார் என்று எழுதி வைக்கத் தொடங்கியதே மீதிப் பாதி என்பது என் வாதம்.

பரங்கிக்கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூ விரிவது ஒரே ஒரு காலை. அன்று எந்தத் தேனீ எந்தக் கொடியிலிருந்து மகரந்தம் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆக, பெரிய காயைப் பார்த்து விதை எடுத்தவருக்குத் தாய் தெரியும், தகப்பன் தெரியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி இரத்தம் காற்றோடு போனது. நோவா ஸ்கோஷியாவின் வின்ட்சரில் பால்மாடு வைத்திருந்த ஹோவர்டு டில் பழைய பெருங்காய் வகைகளிலிருந்து பல ஆண்டுகள் பொறுக்கியெடுத்து 'அட்லாண்டிக் ஜெயன்ட்' வகையை உருவாக்கினார். மாட்டுக்காரருக்குப் பசு மட்டும் போதாது, காளையும் தெரிய வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பழக்கமே அவரைப் பரங்கிக்கும் தகப்பனைக் கவனிக்க வைத்திருக்கும் என்பது என் ஊகம்தான். இன்றைய வளர்ப்பாளர்களின் முறை எளிது: விரியப்போகும் பெண்மொட்டை முந்தின நாள் மாலையே மூடிக் கட்டுவது, காலையில் தேர்ந்த ஆண்பூவின் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு மகரந்தத்தைத் தடவுவது, மறுபடி மூடுவது. அப்புறம் விதைக்குப் பெயர்: காயின் எடை, வளர்த்தவர் பெயர், ஆண்டு. தாயும் தகப்பனும் இப்படிப்பட்ட பெயர்களாலேயே குறிக்கப்படுவதால் ஒரு விதையின் வம்சாவளியைப் பல தலைமுறை பின்னோக்கி வாசிக்கலாம்.

உரமும் பிளாஸ்டிக் கூடாரமும் செய்த வேலையை விதையின் கணக்கில் எழுதுகிறாய் என்று ஒருவர் மறுக்கலாம். கூடாரத்தின் பங்கை, குறிப்பாக அண்மைச் சாதனைகளில், நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரசாயன உரம் வயல்களில் வந்து கொட்டிய முப்பது ஆண்டுகளில் வார்னாக்கின் எடை ஏன் முறியவில்லை? 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சாதாரண வகைகளோடு ஒப்பிட்டால் பெருங்காய்ச் செடிகளில் இலை சமைத்த சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுசெல்லும் பிளோயம் திசு அதிகமாக இருப்பதைக் கண்டது. அந்தக் குழாய்ப்பாதையைப் பெருக்கியது உரமல்ல, தலைமுறைத் தேர்வு. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: போட்டியிடுவோர் பெருகினால், தற்செயலாகவே ஒரு பெரிய காய் விழும் வாய்ப்பும் பெருகும். உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால் உச்சம் மட்டும் ஏறி, கீழே உள்ளவை பழைய எடையிலேயே நின்றிருக்கும். இன்று எடைபோடும் மேடைகளில் பரிசே பெறாத காய்கள்கூட வார்னாக்கின் காயை இருமடங்கு தாண்டுகின்றன.

அப்படியானால் எல்லாப் புகழும் டில்லுக்கா? 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பரங்கி எடைப் போட்டியில் வென்றவர் அவர். ஆயினும் அவர் எட்டிய உச்சம் 500 பவுண்டுக்குள்ளேயே நின்றது. ஆயிரத்தைத் தாண்டியவர்கள் அவருடைய விதை வாரிசுகளைத் தங்களுக்குள் பரிமாறிக் கலந்தவர்கள். எல்லாமே தானம் என்று சொல்ல முடியாது. பெயர்பெற்ற காயின் ஒற்றை விதை நூற்றுக்கணக்கான டாலருக்கு ஏலம் போனதுண்டு. காசுக்கோ நட்புக்கோ, விதை கைமாறும்போது வம்சாவளியும் கூடவே போனது. எடையொன்றையே துரத்தியதன் விலை காயின் உடலில் தெரியும்: சுவை போயிற்று, உருண்டை வடிவம் தன் பாரத்தாலேயே தட்டையாயிற்று. வேகமாகப் பெருத்து அறுவடைக்கு முன் வெடிப்பவையும் உண்டு. வெடித்த காய் போட்டிக்கு ஆகாது. ஆனால் அதன் விதை குப்பைக்குப் போவதில்லை. உறையில் எடை, பெயர், ஆண்டு, தாய், தகப்பன் எல்லாம் எழுதி, கூடவே சேதமடைந்த காய் என்ற குறிப்பும் சேர்த்து, அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கிறார்கள்.