பைத்தியம்

இன்று வசையாகிவிட்ட இச்சொல் பிறந்தது வைத்தியர் வாயில். ‘பித்தம் சார்ந்தது’ என்பதே வடமொழி மூலத்தின் பொருள். வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றங்களில் பித்தம் மிஞ்சினால் புத்தி தடுமாறும் என்பது பழைய கணக்கு. பித்து, பித்தன் எல்லாம் அந்த வழிதான். (சிவனைப் பித்தன் என்றால் துதி, பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னால் சண்டை.) கிரேக்கரும் பித்தத்தின் மேல்தான் பழி போட்டார்கள்: மெலன்கோலியா என்றால் கரும்பித்தம்.

வைத்தியம் பித்தத்தைப் பிடித்தது என்றால், சட்டம் நிலவைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவின் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலிருந்த ‘லூனசி’ (பைத்தியம்), நிலவைக் குறிக்கும் லத்தீன் ‘லூனா’விலிருந்து வந்தது. 1987இல் அது போய் ‘மென்டல் ஹெல்த்’ சட்டம் வந்தது. 2017இல் அதற்கும் மாற்று வந்தது. மரியாதைக்காகக் கொண்டுவந்த அந்த ‘மென்டல்’தான் இப்போது நம் தெருக்களில் வசை.